வலது கைக்குப் பயந்தவன்

என் பெயர் போத்ரிஸ். வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் கோஸ் தீவு, துறைமுகத்துக்குப் பின்னால் வலை காயப்போடுகிற தெரு. இப்போது இருப்பது தெசலி நாட்டில், ஃபெரே ஊருக்கு வெளியே, ஒரு புதுக் கல்லறைப் பக்கத்தில். இது என் கையெழுத்து இல்லை. சந்தையில் கடிதம் எழுதிக் கொடுப்பவரை வரவழைத்து, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். நானே ஏன் எழுதவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கே அது பிடிபடும்.

விடிந்ததும் நிகாயா அம்மாள், செத்துப்போன தன் அண்ணன் கையில் தேன் அடையை வைக்கப் போனாள். கீழுலகத்து வாசலில் ஒரு நாய் இருக்கிறதே, அதற்குப் போட்டுவிட்டுப் போக. போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். விலக்கியவள் அலறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேன் அடையைத் தரையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"விரல் எங்கடா?"

எட்டிப் பார்த்தேன். வலது கையில் ஐந்து விரலும் இல்லை.

"அம்மா, ராத்திரி முழுக்க நான் கண்ணை மூடல. ஒரே ஒரு அந்துப்பூச்சிதான் வந்துச்சு. அதையும் ஊதி விரட்டிட்டேன்."

"அதுதாண்டா அவ! அந்துப்பூச்சியா வந்திருக்கா!" என்று கத்தினான் சிமோஸ். நிகாயாவின் புருஷன். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தது. "வெளியூர்க்காரனைக் காவலுக்கு வைக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன். சூனியக்காரிக்கு வித்துட்டான் பாரு."

இந்த ஊரில் பிணத்துக்குக் காவல் வைக்காத வீடு கிடையாது. சூனியக்காரிகள் பல்லியாக, பூச்சியாக உள்ளே நுழைந்து மூக்கையோ காதையோ கொண்டுபோவார்கள் என்று பயம். செத்தவர் ஸ்கோபாஸ், பெரிய குதிரைப் பண்ணைக்காரர், கல்யாணம் ஆகாதவர். லாயத்தில் அவருடைய செம்பு நிறப் பெட்டைக் குதிரை உதைத்து மண்டை உடைந்து செத்தார் என்று சிமோஸ்தான் ஓடிவந்து சொன்னான். அன்றைக்கே அந்தக் குதிரையின் கழுத்தை அறுத்துப் பழி தீர்த்தான். ஊரே அவனைத் தட்டிக்கொடுத்தது.

நிகாயா தெருமுனைக்குப் போனாள். அங்கே நாற்சந்தித் தேவதையின் பீடம் இருக்கிறது. அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என் அண்ணன் விரலை எந்தக் கை வெட்டுச்சோ, அந்தக் கையை மணிக்கட்டோட எடுப்பேன். அது யாரோட கையா இருந்தாலும் சரி. பொழுது சாயறதுக்குள்ள விரல் வரணும். வரலைன்னா இந்தத் தீவுக்காரன்தான் வெட்டினான்னு எடுத்துக்குவேன்."

எனக்காகப் பேச இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் குழல் ஊதிப் பிழைக்கிறவன். வலது கை போனால் குழல் போச்சு. குழல் போனால் கோஸுக்குத் திரும்பி வந்து அம்மா முகத்தில் முழிக்க முடியாது.

"அவனுக்கு நான் இருக்கேன்" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் கேட்டது.

மிர்த்தாலே அக்கா. ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரி அவள்தான். அவள் பாட, நான் குழல் வாசிப்பேன். நாற்பது வயது. பல வீட்டு அழுகையை அழுது தேய்ந்த தொண்டை. அழுகிற கூட்டத்தில் அழாமல் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். யார் வீட்டில் யார் நிஜமாக அழுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பாதி ஊர் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.

"பொழுது சாயற வரைக்கும் இவனை எனக்குக் கொடுங்க. ஓடமாட்டான். ஓடுற தைரியம் இவனுக்குக் கிடையாது."

"நன்றிக்கா" என்றேன்.

"வாயை மூடிட்டு வா."

கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குள் போய்ப் பிணத்தின் கையை ஒருமுறை குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

"நேத்து உன்கிட்ட ஒப்படைச்சப்போ இந்தக் கையைப் பார்த்தியா?" தெருவில் நடந்துகொண்டே கேட்டாள்.

"முகத்தைத்தான்க்கா காட்டினாங்க. மூக்கு, காது, உதடு. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே?"

"யார் காட்டினா?"

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து நின்னுதான். துணியைக் கழுத்து வரைக்கும் எறக்கினாங்க."

"ம்."

"அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? என் கை இருக்குமா, போகுமா?"

"முதல்ல விரல் எங்க போச்சுன்னு பார்ப்போம். அதைப் பிடிச்சா எல்லாத்தையும் பிடிச்சிடலாம்."

ஊற்றங்கரையில் நன்னியோவின் குடிசை. மூலிகை விற்பதாகப் பெயர். வேறு என்ன விற்கிறாள் என்பது ஊருக்கே தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். கொழுத்த உடம்பு. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து ஓமத்தழை உருவிக்கொண்டிருந்தாள்.

"வா மிர்த்தாலே. ஊர்ல எந்தப் பொணத்துக்கு முடி கொட்டினாலும் நேரா என் வீட்டுக்குத்தான் வர்றீங்க. நான் என்ன சுடுகாட்டு நரியா?"

"ஸ்கோபாஸோட வலது கை விரல் அஞ்சும் காணோம்."

"அஞ்சுமா?" தழை உருவுகிற கை நின்றது. "எவளுக்கு அவ்வளவு பேராசை? எனக்கு ஒரு நகம் இருந்தா ஒரு வருஷம் ஓடும். அஞ்சையும் எடுக்க நான் கசாப்புக் கடையா வெச்சிருக்கேன்?"

"வெட்டின எடம் சுத்தமா இருக்கு. ஓரத்துல துரு ஒட்டியிருக்கு."

நன்னியோ சட்டென்று பக்கத்தில் துப்பினாள். "இரும்பா? சீ! இரும்பு பட்டதுல ஒண்ணும் மிஞ்சாதுடி. செத்த மீன் மாதிரி, வெறும் சதை. எங்க தொழில்ல ஒருத்தியும் அதைத் தொடமாட்டா. வெண்கலம் வெச்சுத்தான் அறுப்போம். இல்லைன்னா பல்லு."

"பல்லா!" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காது அழகா இருக்கு தம்பி உனக்கு."

நான் மிர்த்தாலே அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அப்போ இது உங்க ஆளுங்க வேலை இல்ல" என்றாள் அக்கா.

"எங்க வேலையைத் தெரியாத எவனோ எங்க பேரைச் சொல்லிப் பண்ணினது. யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லு. அவனுக்கு நான் வேற கணக்கு வெச்சிருக்கேன்."

திரும்பும்போது எனக்கு நிழல் நீளுவது மட்டும்தான் கண்ணில் பட்டது. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"சூனியக்காரி எடுக்கலைன்னா நான்தான் எடுத்தேன்னு ஆகுதே. நாம இப்போ என்னைக் காப்பாத்தப் போனோமா, மாட்டிவிடப் போனோமா?"

"டேய். உன்னை ஒருத்தர் அடிக்க வர்றாங்க. எந்தக் கையால அடிப்பாங்க?"

"எங்க அம்மா ரெண்டு கையாலயும் அடிப்பாங்க."

"ஆம்பளை. கோபத்துல வர்றான். பழி வாங்க."

"வலது கை."

"திருடுறவனா இருந்தா மூக்கை எடுத்திருப்பான், காதை எடுத்திருப்பான். நகத்தைக் கிள்ளியிருப்பான். அடிக்கிற கையில இருக்குற விரலை மொத்தமா எதுக்கு எடுக்கணும்?" அவள் நின்றுவிட்டாள். என் தோளைப் பிடித்தாள். பிடி வலித்தது. "குழலை எடு. இன்னொரு ஒப்பாரி பாக்கி இருக்கு."

வீட்டு முற்றத்தில் ஒரு வேலைக்காரன் சாணைக்கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. அவனுக்கு அது இன்னொரு வேலை.

அக்கா நேரே பிணத்துக்குப் போனாள். ஒப்பாரி பாடுகிறவள் செத்தவரைக் கட்டிக்கொண்டு அழுவது வழக்கம்தான், யாரும் கவனிக்கவில்லை. "குதிரை கட்டும் கையே, கொடுத்துச் சிவந்த கையே" என்று இழுத்துக்கொண்டே மார்பின் மேல் சாய்ந்தாள். பாட்டு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. ஆனால் அவள் இடது புருவம் ஏறியது. அவளோடு அத்தனை சாவு வீடுகளுக்குப் போனவன் நான். அந்தப் புருவம் சும்மா ஏறாது.

வாசலில், சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் தெளித்துக்கொள்ள வைத்திருக்கும் தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"விரல் கிடைச்சுது."

"எங்கே?"

"அவர்கிட்டயே."

"அக்கா, இது விளையாடுற நேரமா?"

"வலது அக்குள்ல. அஞ்சையும் ஒரு கயித்துல கோத்துக் கட்டியிருந்தாங்க. இப்போ என் மடியில இருக்கு."

இந்தக் கதை யாருக்குத் தெரியாது? நம் தீவில் வலை பின்னுகிறவர்கள்கூடச் சொல்வார்களே. பழைய கதைகளில் ராஜாவைக் கொன்றவன் அவன் விரல்களை வெட்டி அவன் அக்குளிலேயே கட்டிவிடுவான். செத்தவன் பழி வாங்க எழுந்தாலும் ஆயுதம் பிடிக்கக் கை இருக்காது. திருடன் அப்படிச் செய்யமாட்டான். சூனியக்காரி செய்யமாட்டாள். கொன்றவன்தான் செய்வான்.

"ஆனா இவர் குதிரை உதைச்சுச் செத்தவராச்சே" என்றேன். "குதிரைக்கு எதுக்குக்கா ஆவி பயம்?"

அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்தாள். "அதேதாண்டா. சும்மா விட்டிருந்தா ஊரு குதிரையைத் திட்டிட்டுப் புதைச்சிருக்கும். பயம் தாங்காம வெட்டினான் பாரு, அங்கதான் மாட்டினான்."

"எவன்?"

"குளிப்பாட்டினப்போ விரல் இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாடினேன், பார்த்தேன். அதுக்கப்புறம் உன்கிட்ட முகத்தைக் காட்டுற வரைக்கும் உடம்பைத் தொடற உரிமை வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான். வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு."

"அப்போ அந்தம்மாவாக்கூட இருக்கலாமா? என் கையை வெட்ட அவ்வளவு அவசரப்படறாங்களே?"

"இருக்கலாம். அதான் பார்க்கப் போறோம். நான் கையைத் தூக்கினா குழலை நிறுத்து. நடுவுல எது நடந்தாலும் நிறுத்தாதே. பயந்து ஓடிடாதே."

"ஓடுற தைரியம் எனக்குக் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாயும் வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டது. எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். அக்கா அதற்குள் பிணத்தின் வலது கையைத் துணியால் மணிக்கட்டு வரை சுற்றிக் கட்டியிருந்தாள். உள்ளே விரல்கள் இருப்பது போலத் தடிமனாகத் தெரிந்தது.

"நிகாயாம்மா, உங்க அண்ணன் விரல் வந்துடுச்சு. கையோட சேர்த்துக் கட்டிட்டேன்."

கூடத்தில் சலசலப்பு. நிகாயா எழுந்தே விட்டாள். "எங்க இருந்துச்சு? யார் கொண்டுவந்தா?"

"அதை அப்புறம் சொல்றேன். இப்போ அவருக்குக் கை திரும்பி வந்தாச்சு. முழு ஆளா இருக்கார். வீட்டுக்காரங்க வலது கையைப் பிடிச்சு வழியனுப்புங்க."

இங்கே அப்படித்தான். பயணம் போகிறவர் கையைப் பிடித்து விடை கொடுப்பது போல, செத்தவர் கையையும் பிடித்து விடை கொடுப்பார்கள்.

நான் வாசித்தேன். நிகாயா முழங்காலிட்டு அந்தத் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அண்ணா, எவன்னு மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போ. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவளுக்கு நடுக்கமே இல்லை. அவள் பிடித்தது பிணத்தின் கையை மட்டும்தான். வேறு எங்கும் அவள் பார்வைகூடப் போகவில்லை.

அடுத்தது சிமோஸ்.

அவன் கையைப் பிடிக்கவில்லை. "மச்சான்!" என்று கதறிக்கொண்டு மார்பின் மேலேயே விழுந்தான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் ஒன்று தெரிந்தது. இடது கை பிணத்தின் கழுத்தைக் கட்டியிருந்தது. வலது கை துணிக்குள் நுழைந்து, அக்குளுக்குள் போய், துழாவியது. மேலே துழாவியது, கீழே துழாவியது. "மச்சா—" என்ற அழுகை பாதியில் நின்றுவிட்டது. தேடுகிற மும்முரத்தில் அழ மறந்துவிட்டான்.

அக்கா கையைத் தூக்கினாள். நான் குழலை நிறுத்தினேன்.

துணிக்குள் அவன் கை உரசுகிற சரசரப்பு மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

"என்ன தேடறீங்க சிமோஸ் ஐயா?" என்றாள் அக்கா. "எங்க இருந்துச்சுன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே?"

அவன் நிமிர்ந்தான். கை இன்னும் உள்ளேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டான், அல்லது எடுக்கப் பயந்தான்.

அக்கா மடியிலிருந்து விரல்கள் கோத்த அந்தக் கயிற்றை எடுத்துத் தொங்கவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது நிகாயா அதை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தாள். முறுக்கிய முடி. செம்பு நிறம்.

"பிர்ராவோட வால் முடி" என்றாள் மெதுவாக. "அண்ணனோட குதிரை. தினமும் நான் சீவி விடற வால்."

"நிகாயா, கேளு..."

"அதுதான் உதைச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எந்திரிச்சிடுவான் நிகாயா! அவனை உனக்குத் தெரியாது!" சிமோஸ் குரல் கீச்சென்று போயிற்று. பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டினான். கண் பிணத்தின் கட்டுப் போட்ட கையை விட்டு அகலவில்லை. "விரலை அவுத்துட்டீங்களே! இன்னிக்கு ராத்திரி எனக்காக வருவான்! லாயத்துல அத்தனை பேர் முன்னாடி என்னைச் சாணி அள்ளத்தான் லாயக்குன்னான். வீட்டை விட்டுப் போடான்னான். எத்தனை வருஷம் கேட்டுட்டு இருக்கறது? எல்லாரும் போனப்புறம் திரும்பி நின்னு அந்தக் குதிரையைத் தடவிக்கிட்டிருந்தான். கையில சுத்தியல் இருந்துச்சு. அவ்வளவுதான். அவ்வளவுதான் நிகாயா."

நிகாயா அந்தக் கயிற்றைப் பிணத்தின் மார்பில் வைத்தாள். துணியைச் சரிசெய்தாள். முற்றத்தில் கத்தி தீட்டுகிறவனைக் கூப்பிட்டாள். அதுவரை புருஷனிடம் மரியாதையோடுதான் பேசினாள். இப்போது சொன்னாள்:

"கையை நீட்டுடா."

"நிகாயா, நான் உன் புருஷன்."

"யாரோட கையா இருந்தாலும்னு தேவதை மேல சத்தியம் பண்ணியிருக்கேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு வெளியூர்ப் பையன் கையை எடுக்கச் சம்மதிச்சுத் தலையாட்டிக்கிட்டு நின்னே இல்ல? நீட்டு."

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. மிர்த்தாலே அக்கா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், "வாசி. சத்தமா வாசி" என்றாள். மூச்சு உள்ளவரை வாசித்தேன். அப்படியும் கேட்டது.

சிமோஸை ஊர்ச் சபைக்காரர்கள் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை அவர்கள் பாடு. மறுநாள் சூரியன் வருவதற்கு முன்னால் ஸ்கோபாஸைத் தூக்கினோம். கொலையுண்டவனின் பாடைக்கு முன்னால் ஈட்டி ஏந்தி நடக்க வேண்டியது ரத்தச் சொந்தம். நிகாயாவைத் தவிர அவருக்கு யாருமில்லை. முடியை வெட்டிக்கொண்டு அவளே ஏந்தினாள். கல்லறை மண்ணில் அதைக் குத்தி நட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என் அண்ணனைக் கொன்னவன் சிமோஸ். என் புருஷன். இந்த ஊர்க் கோயில்லயோ சந்தையிலயோ அவன் கால் படக்கூடாது."

மூன்று நாள் அந்த ஈட்டியை ஒரு வலது கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டால் செத்தவன் பழி தளர்ந்துவிடும் என்பார்கள். சிமோஸின் தம்பிமார் இரண்டு பேர் தூரத்து ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்து, இது எப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நிகாயா ஒரு பகலும் ஒரு இரவும் பிடித்திருந்தாள். பிறகு கண் சொருகிற்று. என்னைக் கூப்பிட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"உன் வலது கையை வெட்டறேன்னு சொன்னேன் இல்ல, தீவுக்காரா?"

"மறக்கலைம்மா."

"அதை எனக்கு ரெண்டு நாளைக்குக் கொடு."

கொடுத்தேன். இப்போது அவள் மேட்டில் சாய்ந்து தூங்குகிறாள். மிர்த்தாலே அக்கா அந்த இரண்டு தம்பிமாரையும் பார்த்து, அவர்கள் சாவுக்கு என்ன பாடலாம் என்று அவர்கள் காதுபடவே ராகம் கட்டிக்கொண்டிருக்கிறாள். என் வலது கை ஈட்டியில் இருக்கிறது. எழுதுவதற்கு எனக்கு வேறு கை இல்லை. அதனால்தான் இது என் கையெழுத்து இல்லை.

நேற்று ஒரு கோஸ்காரன் படகேறினான். என் கையை வெட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பியவன். மீதி அவனுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்து சேர்ந்துவிடுவான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மை காய்ந்துவிட்டது, இனி ஆரம்பத்தில் சேர்க்க இடமில்லை என்கிறார் எழுதுகிறவர்.

என்னைத் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இதைப் படித்துக் காட்டப் போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். அம்மா இந்த வேற்றுக் கையெழுத்தைப் பார்த்ததும் நடுங்குவாள். முதல் வரியைப் படிப்பதற்கு முன்னால், போத்ரிஸுக்கு இரண்டு கையும் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவள் உட்கார்ந்த பிறகு படியுங்கள்.